அவள் இருந்த இடத்தில் அவன்

காதல் பாட்டில் வரும் ‘அவளை’ நான் ‘அவன்’ ஆக்கித்தான் பாடுவேன். நான் ஆண், என் காதலனும் ஆண், அவ்வளவுதான் காரணம். போன மாதம் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் அப்படிப் பாடியபோது இரண்டு பேர் எழுந்து கீழே போனார்கள். அது எனக்குப் பழகிவிட்டது. ஆனால் ஒரு அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு மரியாதையாகவே கேட்டார்: “உங்க வாழ்க்கை உங்க இஷ்டம் தம்பி. ஆனா கவிஞர் எழுதின வரியில கை வைக்கலாமா? பொம்பளக் குரல்ல ஆயிரம் பாட்டு இருக்கே, அதை அப்படியே பாடிட்டுப் போகலாமில்ல?” அன்றைக்குச் சாப்பாட்டுப் பந்தி நடுவில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

வரியில் கை வைப்பதை முதலில் பார்ப்போம். பாரதியின் ‘கண்ணன் பாட்டு’ 1917இல் அச்சில் வந்தது. அதில் ‘கண்ணன் என் காதலன்’ என்று பெண்ணாக நின்று ஏங்குகிறார். அதே நூலில் கண்ணனையே கண்ணம்மா ஆக்கி, ‘கண்ணம்மா என் காதலி’ என்று தான் ஆணாக நின்று கொஞ்சுகிறார். சாமியையே மாற்றலாம், சினிமாப் பாட்டில் ஒரு விகுதியை மாற்றினால் குற்றமா? நம் படங்களில் ஒரே மெட்டு கதாநாயகனுக்கு ஒரு தடவை, கதாநாயகிக்கு ஒரு தடவை வருவதும், அதற்கேற்றபடி வரிகள் திரும்புவதும் காலம் காலமாக நடக்கிற விஷயம்தான்.

சொல்லப்போனால் தமிழ் இந்த வேலைக்கு ரொம்ப வசதி. இந்தியில் ‘நான் போகிறேன்’ என்று சொன்னாலே சொல்பவர் ஆணா பெண்ணா என்று வினைச்சொல் காட்டிக்கொடுத்துவிடும். நமக்கு ‘நான்’, ‘நீ’ இரண்டிலும் அந்தத் தொல்லை கிடையாது. அன்பே, உயிரே என்று உருகுகிற பாட்டில் மாற்ற ஒன்றுமே இருக்காது. படர்க்கை வந்தால்தான் வேலை, அதுவும் ஒரே ஒரு மெய்யெழுத்து வேலை. வந்தாள், வந்தான். அவள், அவன். அசை அப்படியே நிற்கும், தாளம் இடிக்காது.

வம்பெல்லாம் பெயர்ச்சொல்லில்தான். ‘பெண்ணே’ என்று கூப்பிடும் இடத்தில் ‘ஆணே’ என்று போட்டுப் பாருங்கள், உயிரியல் பாடப்புத்தகம் வாசிக்கிற மாதிரி இருக்கும். ‘பையா’ சமாளிக்கும். சேலைக்கு வேட்டியும் கூந்தலுக்கு மீசையும் அளவெடுத்தது போல உட்காரும். ஆனால் கூந்தலில் மல்லிகை மணக்கும், மீசையில் என்ன மணக்கும்? காபிதான். வளையலுக்குப் பதில் கடுக்கன் கச்சிதம், என்ன, கடுக்கன் குலுங்காது. கொலுசுச் சத்தம் கேட்டு அவள் வருவதைத் தெரிந்துகொள்ளும் ஓர் இடத்தில் நான் புல்லட் சத்தத்தைப் போட்டுவிட்டேன். கொஞ்சம் தட்டுகிறது, பரவாயில்லை. எங்கள் தெருவில் அவன் வருவது அந்தச் சத்தத்தில்தான் தெரியும்.

இப்படி மாற்றிக்கொண்டே வரும்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு பெண்ணின் அழகைச் சொல்ல நம் பாட்டுகளில் உச்சி முதல் பாதம் வரை சொல் கொட்டிக் கிடக்கிறது. ஆணின் அழகைச் சொல்ல மீசை, தோள், வீரம், அதோடு கடை மூடியாகிவிட்டது. கதாநாயகி பாடும் பாட்டிலும் அவள் அவனைப் பார்ப்பதைவிட அவன் தன்னைப் பார்ப்பதைத்தான் அதிகம் பாடுகிறாள். சங்கப் பாட்டுத் தலைவி எவ்வளவோ மேல், தலைவனின் மார்பை நினைத்துத் தூக்கமில்லாமல் கிடக்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்வாள். சொல் தீர்ந்துபோகும்போது நான் அவளிடம்தான் கடன் வாங்குகிறேன்.

சரி, அண்ணனின் இரண்டாவது யோசனை. பெண் குரல் பாட்டை அப்படியே பாடலாமே என்றால், பாடுகிறேன், பாடாமல் என்ன. ஆண் பெண்ணாக நின்று இன்னோர் ஆணுக்காக ஏங்குவதற்கு இந்த ஊரில் என்றைக்குமே இடம் உண்டு. நம்மாழ்வார் பராங்குச நாயகி ஆனார். வாளெடுத்து வழிப்பறி செய்தவராகக் கதை சொல்லும் திருமங்கையாழ்வாரே பரகால நாயகி ஆனார். 2013இல் ‘விஸ்வரூபம்’ படத்தில் கண்ணனைத் தேடும் பெண்ணின் பாட்டைக் கமல்ஹாசன் தானே எழுதி, சங்கர் மகாதேவனோடு பாடி, ஆடியும் காட்டினார். கோயில் கொடையில் ஆர்கெஸ்ட்ரா பார்த்தவர்களுக்குத் தெரியும்: மீசை வைத்த ஓர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு அச்சு அசல் ஜானகி அம்மா குரலில் எடுப்பார், கூட்டம் விசிலடிக்கும், ஊர்ப் பெரியவர் மேடையேறி ரூபாய் நோட்டைச் சட்டையில் குத்திவிட்டுப் போவார்.

எல்லாவற்றுக்கும் ஒரே நிபந்தனைதான். ஏங்குகிற ஆண் குரலிலாவது சேலை கட்டியிருக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் மடித்து வைத்துவிட வேண்டும். சேலையே தங்களுடையதாக இருக்கிற திருநங்கைத் தோழிகளின் கதை வேறு, அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது சேலை இல்லை. இதே மீசையோடு, இதே கட்டைக் குரலோடு ‘அவன்’ என்று சொல்ல வேண்டும். அதே கொடை மேடையில் அதே அண்ணன் தன் சொந்தக் குரலில் ஓர் ஆணை நினைத்து ஒரு வரி பாடட்டும், விசில் வருகிறதா பார்ப்போம்.

இன்னொரு காரணமும் உண்டு, இதை எங்கள் ஆட்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். ஆபீசில் “வீட்ல யாரு சமையல்?” என்று கேட்டால் “அவங்கதான்” என்போம். “ஊருக்குப் போயிருக்காங்க”, “அவங்களுக்குக் காய்ச்சல்”. மரியாதைப் பன்மை மாதிரி ஒளிய வாகான இடம் வேறு கிடையாது. ஆணா பெண்ணா என்று கேட்பவர் தானாக முடிவு செய்துகொள்வார், நாம் பொய்யும் சொல்லியிருக்க மாட்டோம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், ஒருபால் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவின் பிடியிலிருந்து எங்களை விடுவித்தது. அதே நீதிமன்றம் 2023 அக்டோபரில் திருமண உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. ஆகவே சிறை பயம் இல்லை, வாடகை வீட்டுக்காரர் பயம் இருக்கிறது, ‘அவங்க’ தொடர்கிறார். வாரம் முழுக்க ‘அவங்க’ என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு பாட்டிலாவது ‘அவன்’ என்று வாய் நிறையச் சொன்னால் எப்படி இருக்கும் என்று அண்ணனுக்கு விளக்குவது கொஞ்சம் கஷ்டம்தான்.

அதற்காக எல்லாப் பாட்டையும் மாற்றுவேன் என்றில்லை. வேண்டாம் என்ற பெண்ணைத் துரத்துவதும், ஏமாற்றிவிட்டாள் என்று பெண் குலத்தையே திட்டுவதுமான பாட்டுகளில் ‘டி’யை ‘டா’ ஆக்கினால் ஒன்றும் சுத்தமாகிவிடாது. வேண்டாம் என்றவனைத் துரத்துவதும் அதே அயோக்கியத்தனம்தான். அவற்றைத் தொடுவதில்லை. ‘மச்சான்’ வரும் பாட்டுகளிலும் கை வைப்பதில்லை, காரணம் நேர் எதிர். நம் ஊரில் ஆணும் ஆணும் மச்சான்தான். எத்தனை உருகிப் பாடினாலும் பக்கத்து வீட்டுக்காரர் நண்பர்கள் தினம் என்றே நினைப்பார்.

பெண்களைக் காதலிக்கும் பெண்களுக்கு அந்த வசதி இல்லை. திண்டுக்கல் பக்கத்துத் தோழி ஒருத்தி ‘அத்தான்’ வரும் இடத்திலெல்லாம் ‘அத்தாச்சி’ என்று பாடுவாள். ஓர் அசை கூடுதல், அதை வேகமாக உருட்டிவிடுவாள். போன பொங்கலுக்கு அவளுடைய அம்மாச்சி அதைக் கேட்டுவிட்டு, “நாத்தி மதினி பாட்டாடி? நல்லாருக்கு, இன்னொருக்கா பாடு” என்றாராம். பாடியிருக்கிறாள், இந்தத் தடவை உருட்டாமல்.