பீவர் பிரித்துப் பார்க்காத கடிதம்

‘லீவ் இட் டு பீவர்’ என்ற அமெரிக்கத் தொடரைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், முத்துமாலை போட்டுக்கொண்டு வீட்டுவேலை செய்யும் அம்மாவின் கதை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுகிறார்கள். 1957 முதல் 1963 வரை 234 பகுதிகளாக வந்த அந்தத் தொடரை நேசிக்கிறவன் என்ற முறையில் இது எனக்கு வருத்தமாக இருக்கிறது. (அம்மாவாக நடித்த பார்பரா பில்லிங்ஸ்லியின் கழுத்துக்குழியில் விழுந்த நிழலை மறைக்கத்தான் அந்த மாலையே தேவைப்பட்டது.) என் பார்வையில், அது பீவர் என்ற சிறுவனின் பயங்களைப் பற்றிய தொடர்.

1957 அக்டோபர் 4 அன்று ஒளிபரப்பான முதல் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் வகுப்பில் படிக்கும் பீவரிடம், வீட்டில் கொடுக்கும்படி ஆசிரியை ஒரு கடிதம் தருகிறார். பள்ளியை விட்டே நீக்கிவிட்டார்கள் என்று நடுங்கிப்போன அவன், அதைப் பிரித்துப் பார்க்காமலேயே மறைத்துவிடுகிறான். அண்ணன் வாலி, பையனுக்குத் தக்க அடி கொடுத்துவிட்டோம் என்று அம்மா எழுதுவதுபோல ஒரு பதில் கடிதம் தயாரித்துத் தருகிறான். ஆசிரியை கேட்டிருந்ததோ, பள்ளி நிகழ்ச்சியில் ஸ்மோக்கி கரடியாக (காட்டுத்தீயைத் தடுக்கச் சொல்லும் அமெரிக்க விளம்பரக் கரடி) பீவர் நடிப்பானா என்பதுதான். அந்தப் போலிக் கடிதத்தில் அடி எப்படி நுழைந்தது என்பதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அடித்தோம் என்று சொன்னால் பெரியவர்கள் நம்பிவிடுவார்கள் என்று அந்தப் பிள்ளைகள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் நம்மை இவ்வளவு கூர்ந்து படிக்கிறார்கள் என்பதைக் காட்ட எழுதியவர்களுக்குத் துணிவு வேண்டும். தொடரை உருவாக்கிய ஜோ கானலியும் பாப் மோஷரும் தங்கள் சொந்தப் பிள்ளைகளைக் கவனித்தே பல கதைகளை உருவாக்கினார்கள். அதன் பலன் இங்கே தெரிகிறது.

அடுத்த வாரம் வந்த பகுதியில், தபாலில் வரவழைத்த முதலைக் குட்டியை அண்ணன் தம்பி இருவரும் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளித்து வளர்க்கிறார்கள். கழிப்பறையைத் திரையில் காட்டக் கூடாது என்று தணிக்கை குறுக்கிட்டதால், கடைசியில் தொட்டியை மட்டும் காட்ட அனுமதி கிடைத்தது. அந்தத் தொட்டி இல்லாமல் அந்தக் கதை நின்றிருக்காது. ரகசியத்தை ஒளிக்க ஒரு சிறுவனுக்கு வீட்டில் வேறு எந்த இடம் இருக்கிறது?

மேஃபீல்டு என்ற அந்தக் கற்பனை ஊரில் கறுப்பினத்தவரை ஏறக்குறையப் பார்க்கவே முடியாது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. அதை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அப்பா வார்டு எல்லாம் தெரிந்தவராக வைக்கப்பட்டிருக்கிறார் என்பதை ஏற்க மாட்டேன். அவர் அவசரப்பட்டுத் தண்டிக்கிறார், பிறகு தான் செய்தது சரியா என்று மனைவியிடம் கேட்கிறார், மகனிடம் போய்த் தவறை ஒப்புக்கொள்கிறார். அப்படி ஒப்புக்கொள்ளும் அப்பாவை என் சிறுவயதில் நான் பார்த்ததில்லை.

1963 ஜூன் 20 அன்று வந்த கடைசிப் பகுதியில் குடும்பமே உட்கார்ந்து பழைய நினைவு ஆல்பத்தைப் புரட்டுகிறது. அதற்குள் பீவர் வளர்ந்துவிட்டிருக்கிறான், குரல்கூட மாறிவிட்டது.