தோற்றதற்காகக் கொல்லப்பட்டாரா வான் கிராம்?

"1937 டேவிஸ் கோப்பையில் அமெரிக்கரிடம் தோற்றதால் ஜெர்மன் டென்னிஸ் வீரர் கோட்ஃபிரீட் வான் கிராமை ஹிட்லர் சுட்டுக் கொன்றார்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது பொய்.

ஆட்டம் நடந்தது உண்மைதான். விம்பிள்டனில் அமெரிக்க வீரர் டான் பட்ஜிடம் ஐந்தாவது செட்டில் 4-1 என முன்னிலையில் இருந்தவர், 6-8 எனத் தோற்றார். ஆனால் அதன்பின் அவர் கிட்டத்தட்ட 40 ஆண்டுகள் வாழ்ந்தார்.

1938 மார்ச்சில் அவர் கைதானதும் உண்மை. வழக்குதான் வேறு. ஆண்களின் தன்பாலுறவைக் குற்றமாக்கிய ஜெர்மன் குற்றவியல் சட்டத்தின் 175ஆம் பிரிவின்கீழ், யூத நடிகர் ஒருவருடனான உறவுக்காக ஓராண்டுத் தண்டனை. சில மாதங்களிலேயே விடுதலை. நாஜிக் கட்சியில் சேர மறுத்தவர் என்பதால் இதில் அரசியல் பகையும் உண்டு என்பது பலரின் கருத்து. எனக்கும் அப்படித்தான் படுகிறது. 1939இல் லண்டன் குயின்ஸ் கிளப் போட்டியில் அமெரிக்க வீரர் பாபி ரிக்ஸை 6-0, 6-1 என நொறுக்கினார். சுடப்பட்டவர் ஆடிய ஆட்டமா அது?

போருக்குப் பின்னும் ஜெர்மனிக்காக டேவிஸ் கோப்பை ஆடினார். 1976இல் எகிப்தில், கார் விபத்தில் இறந்தார்.

அவரை "மூன்று முறை விம்பிள்டன் சாம்பியன்" என்று சொல்வதும் தவறு. 1935, 36, 37 மூன்றிலும் இறுதிப்போட்டியில் தோற்றவர் அவர். வென்றது பிரெஞ்சுப் பட்டம், 1934லும் 1936லும். விம்பிள்டன், டேவிஸ் கோப்பை, சர்வதேச டென்னிஸ் புகழரங்கம் ஆகியவற்றின் இணையதளங்களில் யாரும் சரிபார்க்கலாம்.

அந்தச் செய்தி வந்தால் தயவுசெய்து பகிராதீர்கள். அனுப்பியவருக்கும் விவரத்தைச் சொல்லிவிடுங்கள்.