விசர்நாய் ஊசி போட்டால் குட்டிக்கு எந்த நோயும் வராதா?

“விசர்நாய்த் தடுப்பூசி போட்ட குட்டியை எந்த நாயோடும் விளையாட விடலாம், ஒன்றும் தொற்றாது” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

அந்த ஊசி விசர்நோயை மட்டுமே தடுக்கும். அதைக் கட்டாயம் போடத்தான் வேண்டும். ஆனால் நாய்க்குட்டிகளின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் வேறு. யாழ்ப்பாணத்து முற்றவெளியிலோ பண்ணைக் கடற்கரையிலோ நோயுள்ள நாயொன்று மலம் கழித்திருந்தால், அது காய்ந்து மறைந்த பிறகும் வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். குட்டி மோந்து நக்கினாலே போதும், இன்னொரு நாயைச் சந்திக்கவே தேவையில்லை. எங்கள் செருப்போடும் வீட்டுக்கு வரும்.

பார்வோவுக்கான ஊசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை போடவேண்டும். சீம்பாலில் கிடைத்த எதிர்ப்புச்சக்தி முதல் ஊசிகளை வேலைசெய்ய விடாமல் தடுக்கக்கூடும், அதனால்தான் இத்தனை தடவை. கடைசி ஊசிக்குப் பிறகும் இரண்டு வாரம் குட்டி வளவுக்குள்ளேயே ஓடட்டும். பாவம்தான், ஆனாலும் கையில் தூக்கிக்கொண்டு ஊரைக் காட்டலாமே.

வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றோட்டம், சாப்பிடாமல் சுருண்டு படுப்பது, இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். மஞ்சள் தண்ணீர் பருக்கிவிட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.