ஸ்கேன் நார்மல் என்றால் கிட்னி நார்மலா?

வயிற்று ஸ்கேனில் கிட்னி நார்மல் என்றால் இரத்தம், சிறுநீர் பார்க்கத் தேவையில்லை என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். ஹட்டன் பக்கம் பலரும் இதையே சொல்கிறார்கள். அது சரியில்லை அண்ணே. ஸ்கேன் காட்டுவது உருவத்தை: அளவு, கல், வீக்கம். இரத்தம் எப்படி வடிகட்டப்படுகிறது என்பது அதில் தெரியாது. சீனி வருத்தக்காரருக்குப் பாதிப்பு தொடங்கும்போது கிட்னி பார்வைக்கு நல்லாவே இருக்கலாம். சிறுநீரில் அல்புமின் என்கிற புரதம் கசிவதுதான் பெரும்பாலும் முதலில் பிடிபடும்.

வீட்டில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். ஸ்கேன் தாளில் ‘வலது 10.2 செ.மீ.’ என்கிற மாதிரி நீளம் இருக்கும், கிரியேட்டினின் (கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு) அளவு இருக்காது. அது இரத்த ரிப்போர்ட்டில்தான். அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடமும் கேட்கலாம். (ஸ்கேன் வீண் என்று சொல்லவில்லை, கல்லைக் கண்டுபிடிக்க நல்ல வழி அது.)