சீமாபத்தா: அந்த வாட்ச்மேனுக்கு யார் பதில் சொல்வது?

சத்யஜித் ராய் என்றதும் 'பதேர் பாஞ்சாலி', 'சாருலதா' என்று அடுக்குகிற நண்பர்கள்கூட 1971-இல் வந்த 'சீமாபத்தா'வைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. சங்கர் எழுதிய வங்க நாவல்தான் மூலக்கதை. சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்கியும் நம் பக்கம் யாரும் கண்டுகொள்ளவில்லை.

பாட்னாவிலிருந்து வந்து, படிப்பாலும் உழைப்பாலும் கல்கத்தாவில் ஒரு பெரிய கம்பெனியின் மின்விசிறிப் பிரிவுக்கு சேல்ஸ் மேனேஜர் ஆனவர் ஷ்யாமளேந்து. டைரக்டர் பதவி கைக்கெட்டும் தூரத்தில். அந்த நேரம் பார்த்து ஈராக்குக்குப் போகவேண்டிய சரக்கில் பழுது தெரிகிறது. குறித்த தேதிக்கு அனுப்பாவிட்டால் அபராதம், கம்பெனி பெயரும் கெடும். ஒப்பந்தத்தைப் புரட்டுகிறார். தொழிற்சாலையில் கலவரம், வேலைநிறுத்தம் என்றால் அபராதம் கிடையாது. லேபர் ஆபீசரைக் கூட்டுச் சேர்த்து, தொழிலாளர்களுக்குள் வம்பை மூட்டிவிடுகிறார். குண்டு வெடிக்கிறது. வாட்ச்மேன் ஒருவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். கம்பெனி தப்பிக்கிறது, இவர் டைரக்டர் ஆகிறார்.

ஷ்யாமளேந்துவை யாரும் மிரட்டவில்லை. லஞ்சமும் இல்லை. ஷ்யாமளேந்துவாக நடித்த பருண் சந்தாவுக்கு இதுதான் முதல் படம். பார்த்தவுடனே பிடித்துப்போகிற முகம். மைத்துனி டுட்டுலிடம் அவ்வளவு பிரியமாக, மரியாதையாகப் பேசுகிற மனிதர். அப்படிப்பட்டவர் கூச்சமே இல்லாமல் இதைச் செய்வதுதான் என்னை உலுக்கியது. பதவி உயர்வு வந்த அன்று லிஃப்ட் வேலை செய்யாமல், மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வருகிறார். அவர் கட்டிக்கொள்ளக் கொடுத்த கைக்கடிகாரத்தை டுட்டுல் ஒரு வார்த்தை பேசாமல் கழற்றி வைக்கிறாள். டுட்டுலாக வரும் ஷர்மிளா தாகூர் நடித்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

"வேறென்ன செய்திருக்க முடியும்?" என்று கேட்பவர்களை நான் ஏற்கவே மாட்டேன். சரக்கில் பழுது, தாமதமாகும் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். கம்பெனிக்குப் பணம் போயிருக்கும், இவருக்குப் பதவி தள்ளிப்போயிருக்கும். அந்த நஷ்டத்தைத்தான் விஷயமே தெரியாத ஒரு காவலாளியின் உடம்பில் இறக்கி வைத்தார்கள். ஆபீசில் இதற்குப் பெயர் "பிரமாதமா சமாளிச்சுட்டார்".

எனக்கு ஒரே ஒரு மனக்குறை. அந்த வாட்ச்மேனின் வீட்டுக்குள் படம் போகவே இல்லை. டுட்டுலின் மௌனம் ஷ்யாமளேந்துவைச் சுடுகிறது, சரி. ஆனால் அவர் கணக்குத் தீர்க்கவேண்டியது மைத்துனியிடம் இல்லையே. ராய் அந்த வீட்டு வாசல்வரையாவது நம்மைக் கூட்டிப்போயிருக்க வேண்டும்.