பாட்டியிடம் ‘தரையில் உட்காராதீங்க’ என்றால் முடிந்ததா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப் பட்டணங்களுக்குப் பயிற்சிக்கு வரும் பிசியோதெரப்பி மாணவர்களுக்குப் பண்பாட்டுப் பாடம் என்று பெரும்பாலும் கிடைப்பது, தீபாவளி, தைப்பூசம், யார் மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார்கள் என்ற பட்டியல்தான். பட்டியல் மனப்பாடமானதும் நோயாளியே புரிந்துவிட்ட தெம்பு வந்துவிடுகிறது. பிறர் பண்பாடு எனக்குத் தெரியும் என்கிற பண்பாட்டுத் திறனை விட, தெரியாது என்று ஒப்புக்கொண்டு நோயாளியிடமே கேட்டறியும் பண்பாட்டுப் பணிவு வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் டெர்வலோனும் மரே-கார்சியாவும் 1998-இலேயே எழுதிவிட்டார்கள். என்னைக் கேட்டால், கற்பிப்பவர்கள் இதைச் செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போட்டுச் சோதிக்க வேண்டும்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்ந்த பாட்டி, இரண்டு முட்டியும் தேய்மானம். சம்மணம் போடாதீங்க என்றால் தலையாட்டிவிட்டு, அடுத்த அன்னதானத்தில் பந்தியில் உட்காருவார். இல்லையென்றால் கோயிலுக்கே போகமாட்டார். அது இன்னும் மோசம், இருக்கிற நடையும் போய்விடும். எழும் முறையைச் சொல்லிக்கொடுங்கள்: ஒருக்களித்து, இரண்டு கையும் ஊன்றி, மடித்த துண்டின்மேல் மண்டியிட்டு, வலி குறைந்த காலை முன்னே வைத்து, முக்காலியைக் கையால் அழுத்தி எழுவது. தொடைப் பலத்துக்கு, இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டையைத் தேடி அலைய வேண்டாம். ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைத் துணிப்பையில் போட்டுக் கணுக்காலில் கட்டி, நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி 5 விநாடி நிறுத்தட்டும். 10 தடவை, இரண்டு சுற்று. மறுநாளும் வலி நீடித்தால் எடையைப் பாதியாக்குங்கள். மெல்லிய கயிற்றால் கட்டினால் தோலை அறுக்கும், நீரிழிவுக்காரருக்கு அதுவே புண்ணாகிவிடும். அகலத் துணியால், காலுறை மேல் கட்டுங்கள்.

நீரிழிவை லேசாக விட முடியாது. 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, மலேசிய இந்தியர்களில் 31.4. அதனால் தைப்பூசத்துக்கும் தீமிதிக்கும் முன்பே 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பது இங்கே அவசியம். உணர்வு போயிருந்தால், சூடு தெரியாமலே பாதம் வெந்துவிடும் என்று நேரடியாகச் சொல்லுங்கள். வேண்டுதலைக் கிண்டல் செய்யாமல், வெயில் ஏறுமுன் கோயிலுக்குப் போவது, தீமிதிக்குப் பதில் வேறு நேர்த்திக்கடன் என்று பேசிப் பாருங்கள்.

தமிழ் தெரியாத மாணவர் பேரனை மொழிபெயர்க்க வைத்து, சிறுநீர் கசிகிறதா என்று பாட்டியிடம் கேட்கும் கூத்தும் நடக்கிறது. “இல்லை” என்றுதான் பதில் வரும். தமிழ் தெரிந்த பெண் ஊழியரை வைத்துத் தனியாகக் கேளுங்கள். “புரிஞ்சதா?” என்பதும் வீண் கேள்வி, “சரிங்க டாக்டர்” என்று முடிந்துவிடும். “மருமகளுக்கு எப்படிச் சொல்லுவீங்க பாட்டி, செஞ்சு காட்டுங்க” என்றால் எந்தப் படி விட்டுப்போனது என்று உடனே தெரியும்.

அடுத்தது, சிகிச்சைக்கு வர நேரம் குறித்துக் கொடுப்பது. நாள் சம்பளத்துக்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுபவருக்குக் காலை 10 மணி கொடுத்தால் அன்றைய சம்பளம் போச்சு. வேலை எத்தனை மணிக்கு முடியும், மோட்டார்சைக்கிளில் யார் கொண்டுவந்து விடுவார்? இந்த இரண்டையும் கேட்காமல் கோப்பில் ‘ஒத்துழைப்பில்லை’ என்று எழுதும் மாணவருக்கு, பயிற்சியை எவ்வளவு சுத்தமாகச் செய்துகாட்டினாலும் நான் தேர்ச்சி தரமாட்டேன்.