பதினோராவது சட்டையின் கை

போன வாரம் மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு கதைப்புத்தகம் வந்தது. டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் ‘காட்டு அன்னங்கள்’ கதையைச் சுருக்கிப் படம் போட்டிருந்தார்கள். கடைசிப் பக்கத்தைப் பார்த்ததும் மனசு சுருக்கென்றது. பதினோரு அண்ணன்மாரும் இரண்டு கையோடு நின்று சிரிக்கிறார்கள். சின்னண்ணனின் சிறகைக் காணோம்.

1838இல் வந்த கதை அது. மாற்றாந்தாய் ராணி சூனியம் வைத்துப் பதினோரு இளவரசர்களை அன்னங்களாக்கி விடுகிறாள். பகலெல்லாம் பறவை, பொழுது சாய்ந்தால் மனிதர்கள். தங்கை எலிசாவுக்குக் கனவில் வழி கிடைக்கிறது. தொட்டால் கொப்புளிக்கும் ஒரு செடியைப் பறித்து, வெறுங்காலால் மிதித்து நாரெடுத்து, நீளக்கை வைத்த பதினோரு சட்டை பின்ன வேண்டும். முடியும்வரை ஒரு வார்த்தை பேசினாலும் அண்ணன்கள் செத்துப்போவார்கள்.

நம்ம ஊர்க் காஞ்சொறி மாதிரிச் செடி. பாட்டி வீட்டு வேலியோரம் பந்து எடுக்கப்போய் ஒருமுறை அதில் கை வைத்திருக்கிறேன். முழங்கைவரை தடித்துச் சிவந்து, நான் கத்திய கத்தலில் தெருவே கூடிவிட்டது. எலிசா அதே எரிச்சலோடு வாய் திறக்காமல் பின்னுகிறாள். நார் விஷயம் கற்பனையும் இல்லை. ஆண்டர்சன் பிறந்த ஓடென்சே நகரம் இருக்கும் அதே தீவில், ஒரு பழைய புதைமேட்டில், அந்தச் செடி நாரால் நெய்த சுமார் 2,800 வருஷத்துத் துணி கிடைத்திருக்கிறது.

சூனியக்காரி என்று பழி சுமத்தி எரிக்கக் கொண்டுபோகும் வண்டியிலும் அவள் கை ஓயவில்லை. அன்னங்கள் வந்து சூழ்கின்றன, சட்டைகளை வீசுகிறாள். கடைசிச் சட்டையில் ஒரு கை மட்டும் பாக்கி. அதனால் சின்னண்ணனுக்கு ஒரு கைக்குப் பதில் சிறகு நின்றுவிடுகிறது. முதலில் அவள் வேலையைத் தொடங்கிய குகையில் அவள் கொப்புளங்களின்மேல் அழுதவன் அவன்தான். அவன் கண்ணீர் பட்ட இடத்தில்தான் எரிச்சல் அடங்கியது.

பிள்ளைகள் பயப்படுவார்கள், வருத்தப்படுவார்கள் என்றுதான் இதையெல்லாம் வெட்டுகிறார்கள். எனக்கு ஒப்பவே இல்லை. எலிசாவிடம் வாளும் கிடையாது, மந்திரமும் கிடையாது. பத்து விரலும் பிடிவாதமும்தான். அவள் பட்ட பாட்டையும் பாக்கி நின்ற கையையும் எடுத்துவிட்டால் அவள் எதைச் செய்து அண்ணன்களை மீட்டாள் என்று பிள்ளை கேட்காதா?

என் தம்பிக்கு ஆறு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. இருபது நாள் ஆஸ்பத்திரி. பிழைத்து வந்தான், இடது காது வரவில்லை. அந்த வருஷம் பள்ளி நூலகத்தில் இந்தக் கதையை முழுசாகப் படித்தேன். சிறகோடு நின்ற சின்னண்ணனைப் பார்த்ததும், எங்கள் வீடு அந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறது என்று தோன்றியது. அதுவரை யாரும் எனக்கு அப்படி ஒரு முடிவைச் சொன்னதில்லை. ஒன்று எல்லாம் சரியாகிவிடும், இல்லையென்றால் எல்லாம் போய்விடும். நடுவில் ஒன்று உண்டு என்று சொன்னது அந்தச் சிறகு.

நேற்று ராத்திரி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மகளுக்கு முழுக்கதையையும் வாயாலேயே சொன்னேன். வண்டி வரும் இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. முடிந்ததும் ரொம்ப நேரம் யோசித்தாள்.

“மாமாகூடப் பேசணும்னா வலது பக்கம் உக்காரணும்லம்மா. அந்த அண்ணாகூடத் தூங்கணும்னா எந்தப் பக்கம் படுக்கணும்?”

நான் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே அவளே சொன்னாள்: “சிறகு இருக்கிற பக்கம். குளிராது.”